அருகன் என்னும் சொல் உணர்த்தும் தகுதி

நாள்தோறும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுங்கால் நம் நா முதலில் போற்றுவது அருகப்பெருமானை. அத்திருப்பெயர் சமணர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் நம்மில் பலர். பௌத்த நூல்களும் ஆசையை வேரோடு களைந்து விடுதலை பெற்றவரை 'அரஹந்தர்' என்றே அழைக்கின்றன. புத்தரும் அவருடைய முதற்சீடர் ஐவரும் அப்பெயரால் சுட்டப்படுகின்றனர். ஒரே சொல் இரு சமயத்தார்க்கும் உயிர்ச்சொல்லாக விளங்குவது சிந்திக்கத்தக்கது.

'அர்ஹ்' என்னும் வடமொழி வேர் தகுதியுடைமையைக் குறிப்பது. ரிக் வேதத்தில் இச்சொல் தேவர்க்குரிய அடைமொழியாகவும் வருகிறது. சிரமணத் துறவியரோ அதனை அகத்தூய்மையால் உயர்ந்தவர்க்கு உரியதாக்கினர். சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், கலிங்க மன்னன் காரவேலன் உதயகிரியில் பொறித்த அத்திகும்பாக் கல்வெட்டு, அருகரையும் சித்தரையும் வணங்கியே தொடங்குகிறது.

பிராகிருதத்தில் இச்சொல் மூன்று வடிவம் பெற்றது. அரஹந்தர் என்றால் வழிபடத் தக்கவர். அரிஹந்தர் என்றால் பகையை வென்றவர். அருஹந்தர் என்றால் வினைவித்து வெந்தமையால் மீண்டும் பிறவாதவர். பௌத்த நூல்களை மொழிபெயர்த்த சீனத்து அறிஞரும், காணிக்கைக்குத் தக்கவர், கள்வரைக் கொன்றவர், பிறப்பற்றவர் என இவற்றையொத்த மூன்று பொருள்களைக் கூறினர். ஈண்டுப் பகைவரும் கள்வரும் வெளியே இருப்பவர் அல்லர். உள்ளே குடியிருக்கும் மோகம் முதலியனவே.

5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர் மேலும் ஒரு பொருள் தருகிறார். பழிக்கு அஞ்சி மறைவில் தீமை செய்யும் பேதையர் போலன்றி, தீமைக்கு மறைவிடமே இல்லாதவர் அரஹந்தர் என்பது அவ்விளக்கம். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் வீரசேனாசாரியார் தவளா உரையில், 'ரஹஸ்யம்' இல்லாதவர் என்றும் இப்பெயரை விரிக்கிறார். அவர் ரஹஸ்யம் என்றது அந்தராய வினையை. இரு உரைகளின் கருத்தும் ஒன்றன்று. ஆயினும் மறைவு என்னும் சொல்லை இரண்டும் தொட்டுச் செல்கின்றன.

கொள்கையில் வேறுபாடு உண்டு. நம் மரபில் அருகர் காதிவினை நான்கையும் அழித்துக் கேவலஞானம் எய்தியவர். அகாதிவினை நான்கு எஞ்சியிருப்பதால் உடலோடு வாழ்ந்து அறம் உரைப்பவர். எண்வினையும் நீங்கிய சித்தருக்கு முன்னே அவரை வணங்குவதும் அவர் நமக்கு வழிகாட்டியமையாலேயே. பௌத்தத்திலோ உயிர்க்கொள்கையே வேறு.

இனி நம்மை நாம் வினவுதல் வேண்டும். ஆம்பூர்ப் பகுதியிலுள்ள அர்மாமலைக் குகையில், 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் சிதைந்த நிலையிலும் காணக் கிடைக்கின்றன. அந்நெறியின் சுவடு பதிந்த இவ்வட்டாரம் இன்று தோல் பதனிடும் தொழிலால் வாழ்கிறது. வாணியம்பாடியிலோ நாட்றம்பள்ளியிலோ கடை வைத்திருக்கும் சிராவகர் ஒருவர், தாம் தோலைத் தொடுவதில்லை என்று கூறலாம். ஆனால், அத்தொழிலுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து, அவ்வருவாயைப் பிறர் அறியாவண்ணம் பேணினால், அவர் காத்தது கொல்லாமையையா, தம் நற்பெயரையா? அத்தொழிலில் உழைத்து வெளிப்படையாக உண்பவரை இழிவாக நோக்கும் உரிமை அவருக்கு உண்டோ?

இல்லறத்தார்க்கு முழுத்துறவு விதிக்கப்படவில்லை, அணுவிரதமே விதிக்கப்பட்டது. இயலாததை இயலாது என்று ஒப்புக்கொள்வது குறை. அதனை மறைப்பது குற்றம். குறையை நாளடைவில் குறைக்கலாம். மறைத்ததைக் குறைக்க வழியில்லை. அது நம் கண்ணுக்கே தெரியாமற் போகிறது.

அருகன் வழியினர் எனப் பிறப்பால் நாம் பெற்றது பெயர் மட்டுமே. அதற்குரிய தகுதியை ஒழுக்கத்தால் ஈட்டல் வேண்டும். அடுத்த முறை அம்மந்திரத்தை ஓதும்போது, நம் வாழ்வில் மறைவிடம் எது என்று ஒருகணம் நினைப்போமாக. அவ்வினாவும் வழிபாடே.