சொட்டு மருந்து விடும் கை

தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கேரள எல்லையைத் தாண்டி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். மலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. இப்படி ஓடும் ஒரு குடும்பத்தில் பிறவிக் குளுக்கோமாவோடு ஒரு குழந்தை பிறந்தால், அந்தக் கண்ணைக் காக்கும் வேலை மருத்துவரிடம் பாதியும் வீட்டாரிடம் பாதியுமாகப் பிரிந்து கிடக்கிறது. மருத்துவர் பாதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வீட்டார் பாதியைக் கேட்க ஆளில்லை.

முதலில் நோயைப் பார்ப்போம். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. அது வடியும் பாதை கருவிலேயே சரியாக உருவாகாவிட்டால், மடை அடைபட்ட வயலைப் போல நீர் உள்ளேயே தேங்கி அழுத்தம் ஏறும். பெரியவர்களுக்கு இந்த அழுத்தம் பார்வை நரம்பை ஓசையில்லாமல் அரிக்கும். பச்சிளங் குழந்தைக்கு விழியின் சுவர் இளசாக இருப்பதால் கண்ணே விரிந்துவிடும். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஒரு வயதுக்குள் அது 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் உடனே சோதிக்க வேண்டும். கண்ணில் நீர் வடியும். வெளிச்சம் பட்டால் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பும். கருவிழி பனி மூடியதுபோல் வெளிறும். ஊரில் பலருக்கு முதலில் தெரிவது கண்ணின் அழகுதான். “எவ்வளவு பெரிய கண்ணு!” என்று திருஷ்டிப் பொட்டு வைக்கும் நாட்களில் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த ஆய்வு ஒன்று, 3,300 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்நோயோடு பிறப்பதாகக் கணித்தது. மேலை நாடுகளில் இது 10,000-க்கு ஒன்று என்ற அளவில் சொல்லப்படுகிறது. இந்த வேறுபாட்டுக்குச் சொந்தத்தில் கல்யாணம் ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் இந்நோயோடு அதிகம் தொடர்புபடுத்தப்படும் மரபணு சிஒய்பி1பி1. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அதன் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். ஆகவே ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல அறிவியலில் இடமே இல்லை. ஆனாலும் கிரகணத்தில் வெளியே போனாள், மாசமாக இருக்கும்போது அதைத் தின்றாள், இதைத் தின்றாள் என்று பழி முழுவதும் பெற்றவள் தலையில் விழுகிறது. அடுத்த பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதைத்தான் அந்தத் தம்பதிக்குச் சொல்ல வேண்டும். பிறக்கும் தம்பி, தங்கையின் கண்ணையும் முதல் வாரங்களிலேயே காட்ட வேண்டும்.

இந்நோய்க்கு முதல் மருத்துவம் அறுவை சிகிச்சை. அடைபட்ட வடிகாலைத் திறந்துவிடும் இந்த முறைகளில் நம் நாட்டு மருத்துவர்கள் பெரிய தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் டாக்டர் அனில் குமார் மண்டல் இத்துறைப் பணிக்காக 2003-இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்றார். சீக்கிரம் கொண்டுவந்தால் பல குழந்தைகளுக்கு நல்ல பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

ஆனால் அறுவை சிகிச்சையோடு கதை முடிவதில்லை. அழுத்தம் எந்த வயதிலும் திரும்ப ஏறலாம் என்பதால் செக்கப் வாழ்நாள் முழுதும் தொடரும். சின்னக் குழந்தை அசையாமல் இருக்காது. மயக்கம் கொடுத்துத்தான் முழுமையாகப் பார்க்க முடியும். அதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். பசியில் அலறும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடி போட வேண்டும். ஒரு கண் மந்தமானால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பிள்ளை அதைப் பிய்த்துப் பிய்த்துப் போடும். விரிந்த கண்ணின் சுவர் மெலிந்திருப்பதால் பந்தோ முழங்கையோ பட்டாலே கிழிந்துவிடும் ஆபத்து உண்டு. பள்ளியில் கூசும் வெயில், கரும்பலகை எழுத்து, “முட்டைக்கண்ணு” என்ற பட்டப்பெயர் எல்லாம் குழந்தை தனியே சுமப்பவை.

இனி சொட்டு மருந்து விடும் கையைப் பார்ப்போம். கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் போன்ற மருந்தைப் பெரும்பாலும் காலை, மாலை இருவேளை விட வேண்டும். விட்டபின் மூக்கோரத்துக் கண்முனையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து ரத்தத்தில் கலந்து மூச்சையும் நாடித் துடிப்பையும் பாதிக்கலாம். இருட்டோடு ஜீப் ஏறும் தாய் இதை எப்போது செய்வாள்? அம்மாச்சியிடம் விட்டுப் போகிறாள். மூதாட்டிக்கே பார்வை மங்கல். சொட்டு கன்னத்தில் விழுகிறது. பாட்டில் மாதம் முடியும் முன்பே தீர்கிறது. மதுரை செக்கப் என்றால் போக வர இருநூறு கிலோமீட்டர், இரண்டு பேரின் கூலி, மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகும் சங்கடம். இதில் ஒரு தவணை தவறினால், “ஏன் வரவில்லை?” என்ற கேள்வி குற்றச்சாட்டாக வந்து நிற்கிறது.

இந்தச் சுமையை அளக்க முடியும் என்று காட்டியவர்கள் இந்திய ஆய்வாளர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இக்குழந்தைகளைப் பராமரிப்பவர்களிடம் சுமையையும் மனச்சோர்வையும் அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஹைதராபாத்தில் விஜயா கோத்வாலும் குழுவினரும் இப்பெற்றோரின் வாழ்க்கைத் தரத்தை அறியவென்றே ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். இதே சுமை பற்றிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு 2019-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வந்தது. கண் அழுத்தத்தை எண்ணில் குறிப்பதுபோல் தாயின் களைப்பையும் குறித்துக்கொண்டால்தான், யாருக்கு எப்போது துணை தேவை என்று தெரியும்.

துணைக்கு வழிகள் நம் பகுதியிலேயே இருக்கின்றன. 1985 முதல் தேனியில் அரவிந்தின் கிளை மருத்துவமனை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்களின் விஷன் சென்டர் எனும் சிறு கண் மையங்களிலிருந்து, தேனியில் இருக்கும் மருத்துவரோடு வீடியோவில் பேசும் முறை இருபது ஆண்டுகளாக நடக்கிறது. அறுவை சிகிச்சைக்கும் மயக்கப் பரிசோதனைக்கும் பெரிய மருத்துவமனைதான் வேண்டும். ஆனால் மருந்து விடப் பழக்குவது, கண்ணாடி பார்ப்பது, அடுத்த தேதியை நினைவூட்டுவது எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கலாம். பார்வை மிகவும் குறைந்த பிள்ளைக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சான்றிதழும் கல்விச் சலுகைகளும் தருகிறது. அங்கன்வாடி ஊழியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் தடுப்பூசி நாளில் பிள்ளையின் கண்ணை வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்த்தால் மாதங்கள் மிச்சமாகும்.

தோட்டக் கங்காணிகளுக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: செக்கப் நாளில் தாய்க்குக் கூலியோடு விடுப்பு கொடுங்கள். உறவினர்களே, மருந்து விடும் முறையைத் தாயோடு இன்னொருவரும் மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை ஜன்னல் வெளிச்சம் கூசாத முன் வரிசையில் உட்கார வையுங்கள். உங்கள் தெருவில் ஒரு கைக்குழந்தையின் கண் பெரிதாகி, நீர் வடிந்து, வெளிச்சத்துக்குக் கூசினால், அந்த வாரமே கண் மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.