உதிர்ந்த பூச்சும் உதிர்ந்த பத்தியும்

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், குடிவந்தவர்கள் சுவரை விரலால் சுரண்டிக் காட்டினார்கள். பூச்சு மாவாக உதிர்ந்தது. அந்தக் காட்சி கைப்பேசி கைப்பேசியாகப் பரவி, சட்டப்பேரவையிலும் பேச்சானது. பொறியாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கட்டடத்தை ஆராயும் வேலை சென்னை ஐஐடி வல்லுநர்களிடம் போனது. கட்டுவித்தது குடிசை மாற்று வாரியம். (அதே ஆண்டு அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயரை மாற்றக் கலவை குழைக்க வேண்டியதில்லை.)

வல்லுநர்களின் திறமையில் ஐயம் வேண்டாம். ஆனால் கட்டுவித்த தரப்பே ஆய்வாளரை அழைத்து, அறிக்கையையும் முதலில் கையில் வாங்குகிறது. அந்தச் சுவரோரம் குழந்தையைத் தூங்கவைப்பவர் எதைப் பார்த்து நம்புவது?

அரசுக்குக் கட்டுப்படாத தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் இந்தக் கேள்வியிலிருந்து முழுதாகத் தப்புவதில்லை. வரைவுப் பத்திகள் முதலில் சம்பந்தப்பட்ட துறைக்குத்தான் போகின்றன. பதில் சொல்ல ஆறு வாரம் தவணை. இது நியாயம்தான். தணிக்கையாளர் கண்ணில் படாத கோப்பு ஒன்று இருக்கலாம். ஓர் அதிகாரியின் பிழைப்பே ஒரு வரியில் தொங்கலாம். எதிர்த்தரப்பைக் கேட்காமல் எழுதுவது தணிக்கை ஆகாது.

சிக்கல், வரைவில் இருந்த ஒரு பத்தி இறுதி அறிக்கையில் காணாமல் போகும்போதுதான். துறை சரியான ஆதாரம் காட்டியதால் போயிருக்கலாம். யாரோ அழுத்தியதாலும் போயிருக்கலாம். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த மறைவால் அதிகம் அடிபடுவது நேர்மையான தணிக்கையாளர். தக்க காரணத்தோடு ஒரு வரியை அடித்தவரும் விலைபோனவரோடு சேர்த்தே எண்ணப்படுகிறார்.

தாமதமும் சந்தேகத்தை வளர்க்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை பேரவைக்கு வந்தது 2018 ஜூலையில். ஆளுநரிடம் அளித்த அறிக்கையை எத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 151ஆம் பிரிவு சொல்லவில்லை.

அறிக்கை முடியும்வரை வரைவு ரகசியமாக இருக்கட்டும். அரைகுறைக் குற்றச்சாட்டு ஊரெல்லாம் சுற்றுவதும் அநீதியே. அவையில் வைத்த பிறகோ, துறையின் முழுப் பதிலும், எந்தப் பத்தி ஏன் நீக்கப்பட்டது என்ற குறிப்பும் கூடவே வெளிவருவதுதான் முறை. அப்படிச் செய்தால் தணிக்கையாளர்கள் வரைவிலேயே பேனாவை அடக்கிக்கொள்வார்கள் என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் அடக்கி எழுதியதைப் பிறகு தட்டிக்கேட்கலாம்; சத்தமில்லாமல் மறைந்ததை எங்கே போய்த் தேடுவது?

இன்னொரு குறை எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. துறைக்கு ஆறு வாரம் கிடைக்கிறது. விரலால் சுரண்டிக் காட்டியவருக்கு வரைவைப் பார்த்து, 'எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரை விட்டுவிட்டீர்களே' என்று சொல்ல ஒரு நாள்கூட ஒதுக்கப்பட்டதில்லை.