கலைஞர்: தெரியாதவர்

கடம்பூர் போளியை டெல்லியில் இருக்கும் மச்சானுக்குக் கொண்டுபோனாலும், ஊர்ப் பெயரைச் சொல்லித்தானே கொடுப்போம்? பாட்டுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வர சி.டி. ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சாஃப்ட்வேரைப் புதுப்பித்த கையோடு ஏற்றியது. ‘டிராக் 1, டிராக் 2... கலைஞர்: தெரியாதவர்’ என்றது. கோவில்பட்டியில் சிலையாக நிற்கிறவர் சார் அவர்!

கம்ப்யூட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலான மியூசிக் சி.டி.க்களில் பெயரே கிடையாது. விநாடிக்கு 44,100 தடவை அளந்து வைத்த ஒலி மட்டும்தான். ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் பார்த்து, இணையத்தில் உள்ள ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் சாஃப்ட்வேர் பெயரைக் கொண்டுவரும். 1990-களில் முகம் தெரியாத ரசிகர்கள் காசு வாங்காமல் டைப் அடித்து வளர்த்த பட்டியல்கள் அவை. அவற்றில் ஒன்றான ஃப்ரீடிபி 2020-ல் மூடப்பட்டது.

இப்போது கேள்வி. பெயர் தெரிந்த நாமும் ‘டிராக் 1’ என்றே விட்டுவிட்டால் தப்பா? யாருக்கும் நஷ்டமில்லை. 1964-ல் மறைந்தவர் கேஸ் போட வரப்போவதில்லை.

ஆனாலும் தப்புதான். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ‘யார் வீட்டுச் சாப்பாடோ’ என்று கையைத் துடைப்பது மாதிரி. நாளைக்கு உங்கள் பேரன் காப்பி எடுக்கும்போது, ‘தெரியாதவர்’ என்பதும் சேர்ந்தே போகும். அவன் யாரைக் கேட்பான்?

பத்து நிமிஷ வேலை. ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை. வாசித்தவர் பெயரையாவது அடித்துவிடுங்கள்.