உதை வாங்கும் மரம்

துப்பாக்கி சுடுகிறது என்றுதான் சொல்லுகிறோம். அது உதைக்கவும் செய்கிறது என்பதைத் தோளில் வாங்கியவர்கள் அறிவார்கள். குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே பாய வேண்டும். நியூட்டன் கண்ட விதி அது. இரும்புக்கும் தோளுக்கும் நடுவே இருப்பது மரக்கட்டை. சுடுவது யார், சாவது யார் என்று அதற்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் முதல் உதை அதற்குத்தான்.

அந்த மரம் ஏன் பிளக்கிறது? உதை பெரிது என்பது ஒரு காரணம். அது விழும் இடம் சிறிது என்பது இன்னொரு காரணம். இரும்பு மரத்தில் முழுக்கப் படிந்திருந்தால் உதை பரவிப் போகிறது. மயிரிழை இடைவெளி இருந்தாலும், இரும்பு ஓடி வந்து ஏதோ ஒரு மூலையில் மோதுகிறது. ஆப்பு அடித்ததுபோல் ரேகையோடு விரிசல் விழுகிறது. ஆகவே, தொழில் தெரிந்தவன் முதலில் இரும்பு உட்காரும் இடத்தைப் பார்க்கிறான். இக்காலத்தில் எபாக்ஸிப் பசையிட்டு அந்த இடத்தை நிரப்புகிறார்கள். 1898-ஆம் ஆண்டு ஜெர்மானிய மௌசர் துப்பாக்கியிலோ, உதையை ஏற்க மரத்தின் குறுக்கே ஓர் எஃகு ஆணியையே வைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில், லித்கோ தொழிற்சாலையில், லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்குக் கோச்வுட் என்ற உள்நாட்டு மரத்தைப் பயன்படுத்தினார்கள். அது மென்மையான மரம். உதை விழும் இடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்து அதைக் காப்பாற்றினார்கள்.

இன்னொரு விதமான பலமும் உண்டு. எறிகுண்டு வீசுவதற்கென்று சில லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளை ஒதுக்கி, கட்டையைச் சுற்றிக் கம்பியை வரிந்து கட்டினார்கள். அந்தக் கம்பி உதையில் ஒரு பங்கையும் ஏற்பதில்லை. மரம் விரிசல் கண்டாலும் சிதறாமல் இருக்க வேண்டும், இன்னும் சில முறை சுட வேண்டும், அதற்காகத்தான் அது.

செப்புத் தகட்டுக்கும் கம்பிக்கும் உள்ள வேற்றுமையை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. நடுவில் நின்று அடி வாங்குகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். மேலதிகாரியின் உத்தரவுக்கும் ஜனங்களின் கோபத்துக்கும் இடையில் நிற்கும் குமாஸ்தா ஒருவன். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நிற்கும் தாய் ஒருத்தி. அவர்களுக்கு நாம் செய்வது என்ன? "பொறுமையின் வடிவம்" என்கிறோம், "தியாகி" என்கிறோம். அந்தப் புகழ்ச்சியெல்லாம் கம்பிச் சுற்றுத்தான். சுமையில் ஒரு குன்றிமணி குறைவதில்லை. இன்னும் கொஞ்ச காலம் உடையாமல் உழைக்க அது உதவுகிறது. உடைந்துவிட்டாலோ, "அவ்வளவுதான் மனோபலம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

மரமும் நல்ல மரமாக இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ரேகை நேராக ஓடும் கட்டையைத் தேர்ந்தெடுப்பதும் அந்தத் தொழிலில் ஒரு பகுதி. குணபலம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்ல வால்நட் மரமும் இடைவெளி விட்டுப் பொருத்தினால் பிளக்கும். மெல்லிய கோச்வுட்டும் தகடு பதித்தால் போருக்குப் போய்வரும்.

பொறுமையைத் தனி மனிதனின் குணமாக மட்டும் எண்ணுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பங்கு ஏற்றார்களா என்ற கேள்வி அப்போது எழுவதில்லை. ஒருவர் உடைந்துபோனார் என்று கேள்விப்படும்போது, அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.