நிழலிட்ட பாகங்கள்

ஓசூர் சிப்காட்டில் பிளாஸ்டிக் மோல்டு வெட்டும் டூல்ரூமில் எனக்கு வேலை. எஃகில் ஒரு மோல்டு வெட்டப் பெருஞ்செலவு ஆகும். அதனால் பொம்மை விமானக் கிட் செய்பவர்கள், ஒரு விமானத்தின் இரண்டு மூன்று ரகங்களுக்கான பாகங்களை ஒரே மோல்டில் வார்த்துவிடுவது உண்டு. நாம் வாங்கிய ரகத்துக்கு வேண்டாதவை செய்முறைத் தாளில் நிழலிட்டிருக்கும்: மாற்று மூக்கு, எரிபொருள் டாங்கி, குண்டுகள். பிறந்தும் இடமில்லாதவை. அவற்றை எறிய எனக்கு மனம் வராது.

ஆயுதபூஜை விடுமுறையில் அக்கா மகளுக்காக அந்த மிச்சங்களிலிருந்தே ஒரு விமானம் செய்தேன். சிறுவயதில் தூர்தர்ஷனில் இந்தியில் பார்த்த ‘டேல்ஸ்பின்’ கார்ட்டூனில் கரடி ஓட்டுமே, அந்த மஞ்சள் கடல் விமானத்தின் சாயல். தொப்பை வயிறு, குட்டை வால். டாங்கிகள் மிதவைகளாயின. இறக்கையை உடலுக்கு மேலே வைத்தேன். தளி சாலையில் பெலகொண்டப்பள்ளியில் தொண்ணூறுகளில் தனேஜா நிறுவனம் கட்டிய இத்தாலிய வடிவமைப்பான பி68-க்கும் இறக்கை மேலேதான்.

அதைப் பார்த்த சக ஊழியர் கேட்டார்: “டிராயிங்கே இல்லாம, எதுக்குப்பா இது?”

எதுக்கு? சைவ சித்தாந்தம் கடவுளைப் பார்த்தே இதைக் கேட்டிருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பார்கள். ஆனால் குயவனுக்கு வயிற்றுப்பாடு இருக்கிறது. ஒரு தேவையும் இல்லாத இறைவன் ஏன் படைக்க வேண்டும்? 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இரண்டு விடை தருகிறார். விளையாட்டு என்றும் சொல்லலாம். உயிர்களின் மலம் என்னும் அழுக்கைத் துடைத்து முத்தி தரும் அருள் என்றும் சொல்லலாம்.

இவை ஒன்றையொன்று மறுக்கும் விடைகள் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இந்த விமானத்தைச் செய்தபோது அந்த எண்ணம் மாறியது. உயிர் பிளாஸ்டிக் அல்ல என்பது தெரியும். சித்தாந்தத்தில் உயிர் அநாதி, இறைவன் அதைச் செய்வதில்லை, அதற்கு உடலும் கருவியும் உலகும் நுகர்வும் கூட்டித் தருகிறான். அந்தக் கூட்டித் தருதலைத்தான் நான் அன்று யோசித்தேன். தேவையோடு பார்த்த கண் அந்தப் பாகங்களை ஏற்கெனவே நிழலிட்டு ஒதுக்கிவிட்டது. அந்தக் கண் பிழையானதல்ல. என் பிழைப்பே அதில்தான், வரைபடத்துக்கு ஒத்துவராததை நானும் தினமும் சிவப்புத் தொட்டியில் போடுகிறேன். விளையாட உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, உனக்கு எங்கே இடம் என்று கேட்க முடிந்தது. குண்டு ஒன்று கரடிக்கு இருக்கையாயிற்று. இரக்கப்பட்டு நான் அதைச் செய்யவில்லை. அதனிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். அருள் என்பதை இதற்குமேல் என்னால் விளக்கிக்கொள்ள முடியவில்லை.

அருணந்தியார் விளையாட்டை முதலிலும் அருளை அடுத்தும் வைத்தது தற்செயல் என்று நான் இப்போது நினைப்பதில்லை.