சீட்டு யார் பேருக்கு விழுந்தது?



நம்ம பக்கத்தில் "சீட்டு" என்கிற ஒரே சொல்லை மூன்று காரியத்துக்குச் சொல்லுகிறோம். மாசச் சீட்டு கட்டுகிறோம். ராத்திரியில் சிலபேர் சீட்டு விளையாடுகிறார்கள். வேதாகமத்தைத் திறந்தால் அங்கேயும் சீட்டுப் போடுகிறார்கள். யோனா ஏறின கப்பலில் போட்டார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளப் போட்டார்கள். அதனால் வாலிபப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "பாஸ்டர், பைபிள்லயே சீட்டு இருக்கே. நாங்க சிநேகிதமா அஞ்சுபேர் உட்கார்ந்து ரம்மி போட்டா என்ன தப்பு? யாரையும் ஏமாத்தல, யாரையும் கட்டாயப்படுத்தல."

நியாயமான கேள்விதான். "சூது பாவம்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்து அனுப்பிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரியை எண்ணிப் பாருங்கள். சிவகாசியிலும் திருத்தங்கலிலும் பட்டாசு ஆபீஸில் வாரச் சம்பளம் வாங்கி வந்த நாள். மாடியில் பாய் விரிக்கிறார்கள். சீட்டுக்கட்டும் நம்ம ஊரில் அச்சானதாகவே இருக்கலாம். ஆளுக்கு இருநூறு ரூபாய் என்று ஆரம்பிக்கிறார்கள். பத்து மணிக்கு ஒருவருக்கு முந்நூறு போய்விட்டது. அவருக்கு அப்போது வருத்தம் இல்லை, "போனதை எடுத்துட்டு எழுந்திரிக்கலாம்" என்கிற ஒரு எண்ணம் மட்டும் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஆயிரம். எதிரே ஜெயித்தவர் கொட்டாவி விடுகிறார், வீட்டுக்குப் போக நினைக்கிறார். விடுவார்களா? "ஜெயிச்சவன் எப்படிப்பா எழுந்திரிக்கலாம்? இன்னும் ரெண்டு ஆட்டம் போடு." தோற்றவருக்கும் எழுந்திருக்க மனசில்லை, ஜெயித்தவருக்கும் எழுந்திருக்க உத்தரவில்லை. சிநேகிதத்துக்காக உட்கார்ந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் கட்டிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் மோசடி இல்லை. ஒத்துக்கொள்ளுகிறேன். செல்போனில் ஆடுகிற ரம்மியில் கம்பெனிக்காரன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளுவான், ஆடுகிறவர்கள் பணம் மொத்தமாகக் குறைந்துகொண்டே வரும். மாடியில் அப்படி இல்லை. ஐந்து பேர் கொண்டுவந்த பணம் விடிகிறபோதும் ஐந்து பேரிடம்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ரூபாய்கூடக் கூடவும் இல்லை. ஆபீஸில் ஒரு நாள் உட்கார்ந்தால் நாலு பெட்டி மத்தாப்பாவது கட்டியிருப்போம். இங்கே ஒருவர் வீட்டுக்குக் கூடினது அத்தனையும் இன்னொருவர் வீட்டில் குறைந்ததுதான்.

மாசச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அவசரம் உள்ளவர் தள்ளி முதலில் எடுக்கிறார், பொறுத்திருந்தவருக்குக் கழிவு கிடைக்கிறது, முறையாக நடத்தினால் கடைசியில் எல்லார் பேருக்கும் ஒரு முறை விழுந்தே தீரும். யோசுவா சீலோவில் போட்ட சீட்டும் இந்த ஜாதிதான். ஆள் அனுப்பி தேசத்தை ஏழு பங்காக எழுதி வரச்சொன்னார். சுதந்தரம் கிடையாமல் மிஞ்சியிருந்த ஏழு கோத்திரத்துக்கும் சீட்டுப் போட்டார். சீட்டு விழாத கோத்திரம் என்று ஒன்று இல்லை. யாருக்கு எது என்பதைத்தான் சீட்டு சொன்னது. யாருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

வழக்குமன்றம் இந்தக் காரியத்தை வேறு விதமாகக் கேட்கிறது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் காசு வைத்து ரம்மி ஆடினவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு 1960-களில் உச்சநீதிமன்றம் வரை போனது. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். ரம்மி அப்படியல்ல, விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்கிற திறமை வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியோடு போக்கரையும் திறமை ஆட்டம் என்றே வைத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றின சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடுகிற இணைய ஆட்டம் முழுவதையும் தடுத்தது. நம்ம மாடிப் பாய் இந்தச் சட்டத்துக்குள் வராது.

"திறமை ஆட்டம்தானே பாஸ்டர்" என்று சொல்லுகிறவர் கொஞ்சம் யோசிக்கட்டும். திறமை என்றால் என்ன அர்த்தம்? யார் தோற்பார் என்பது ஜெயிக்கிறவருக்கு உட்காரும்போதே பாதி தெரியும் என்று அர்த்தம். முன்பின் தெரியாதவனிடம் அது ஒருவேளை திறமை. கூடப் படித்தவன், கூட வேலை செய்கிறவன், அவன் வீட்டுக் கஷ்டம் தெரிந்தவனிடம் அதைத் திறமை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அதிர்ஷ்டத்தில் எடுத்ததைக் காட்டிலும் இது கனமான காரியம்.

சிலுவையின் அடியில் இருந்த சேவகரைப் பாருங்கள். நாலு பேர். வஸ்திரங்களை நாலு பங்காக்கி ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். அங்கி தையலில்லாதது, கிழித்தால் பாழாகும் என்று சீட்டுப் போட்டார்கள். அவர்களுக்குள்ளே சண்டை இல்லை, ஏமாற்று இல்லை, எல்லாருக்கும் சம்மதம். நம்ம வாலிபர் சொல்லுகிற நியாயம் அத்தனையும் அங்கே இருந்தது. சம்மதம் கேட்கப்படாதவர் ஒருவர் மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருந்தார். அங்கி அவருடையது.

சனிக்கிழமைச் சம்பளம் யாருடைய அங்கி? அந்த ஆயிரத்தில் அரிசி இருக்கிறது, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, நம்ம ஊரில் பாதி வீடுகளில் சகோதரியும் ஆபீஸுக்குப் போய்க் கொண்டுவந்த கூலியும் அதிலே கலந்திருக்கிறது. பாயில் உட்கார்ந்த ஐந்து பேருக்கும் சம்மதம். பாயில் உட்காராதவர்களை யார் கேட்டார்கள்?

"டீ காசுதான் வச்சு ஆடுறோம்" என்பார்கள். இருக்கட்டும். திரும்ப எடுக்கவேண்டும் என்று தோன்றாத வரைக்கும் அது டீ காசு. போனதை எடுக்கணும் என்று நெஞ்சு அடிக்க ஆரம்பித்த நிமிஷம் அது டீ காசு இல்லை. நம்ம சின்னப் பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் வைத்து ஆடித் தோற்றாலும் அழுகிறதுகள், ஆனால் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

இவ்வளவும் தோற்றவரைப் பற்றி. பிரசங்கத்தில் நாம் அவரைத்தான் திட்டுகிறோம், ஜெயித்தவரை ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அவரைத்தான் என்பது என் எண்ணம். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. கோர்ட் வாங்கித் தராத அந்தக் கடனைத்தான் தோற்றவர் முதலில் கொடுக்கிறார், "மானம்" என்கிறார். மளிகைக் கடைக்காரரிடம் அடுத்த வாரம் என்கிறார். அவர் சாமான் கொடுத்தவர். சிநேகிதன் என்ன கொடுத்தான்?

திருப்பிக் கொடுத்தால் வாங்குவாரா? நேரே நீட்டினால் வாங்கமாட்டார், ரோஷப்படுவார். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். ஆபீஸ் இல்லை, கூலி இல்லை. ஜெயித்தவரும் வீட்டில் சும்மாதான் இருக்கிறார். மறுபடியும் "வாப்பா, ஒரு கை போடலாம்" என்று கூப்பிட ஆள் அனுப்பலாம். அல்லது, அந்த வீட்டுச் சகோதரி குழாயடிக்கு வருகிற நேரத்தில் தன் மனைவியிடம் ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, "இது அவங்களது, அவங்க கையில கொடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பலாம்.