பாழ்மனையிற் புதுவீடு

ஊர் நடுவே நெடுநாள் பாழாய்க் கிடந்த மனையொன்றில் புதுவீடு எழுமாயின், அதனைக் கண்டு மகிழாதார் இரார். குப்பை குவிந்திருந்த இடத்தில் விளக்கெரிகின்றது. பெருச்சாளி குடியிருந்த இடத்தில் மனிதர் குடியேறுகின்றனர். இதனை நன்றன்று என்று கூறுவார் யார்? ஆயினும், அம்மனையின் இருமருங்கிலும், தெரு சீர்கெட்டுக் கிடந்த காலமெல்லாம் அதனை விட்டகலாது வாழ்ந்த ஏழைக் குடிகள் சிலர் இருப்பர். புதுவீடு எழுந்த பின்னர் அவர்கள் நிலை யாதாயிற்று என்று நாம் கேட்பதில்லை. கட்டடத்தின் அழகைப் பேசுகின்றோம். அஃது எவர்க்கென எழுந்தது என்பதைப் பேசுவதில்லை. பழுதுற்ற நகர்ப்பகுதியிற் புதுவீடு கட்டுவோருக்கு அங்குப் பழையராய் வாழ்வோர்பால் கடமை ஏதேனும் உண்டா? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுதல் நலம். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நம்மவர்க்கு அந்நியமான ஊரன்று. 1786 இல் ஆங்கிலக் கம்பெனியார் அங்குக் கொடி நாட்டிய காலந்தொட்டே தமிழர் அத்துறைமுகத்தில் உழைத்து வந்துள்ளனர். 1801 இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833 இல் குவீன் தெருவில் எழுந்த மாரியம்மன் ஆலயமும் அதற்குச் சான்றாய் நிற்கின்றன. அவ்வூரின் கடைவீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. கீழே கடை, மேலே குடியிருப்பு, நடுவே வெயிலும் மழையும் இறங்கும் முற்றம், முன்னே வழிப்போக்கர் ஒதுங்கும் அஞ்சடி. இதுவே அவற்றின் அமைப்பு. ஒரே வீட்டைப் பலகைத் தடுப்பால் பல அறைகளாக்கி, அறைக்கொரு குடும்பமாக ஏழைகள் அவற்றில் வாழ்ந்தனர். மூட்டை தூக்கியவரும், படகு தள்ளியவரும், தையல் தைத்தவரும், மாலை கட்டியவரும் அவருள் அடங்குவர்.

இத்தெருக்கள் சீர்கெட்டதற்கும், அவற்றில் ஏழைகள் நிலைத்திருந்ததற்கும் காரணம் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. உலக யுத்தத்திற்குப் பின் வீட்டுப் பஞ்சம் மிகுந்திருந்தமையால், வீட்டுக்காரர் மனம்போல் வாடகையை உயர்த்தாவண்ணம் சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31 ஆம் நாள் வரையிற் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு இக்காவலை நீடித்தது. வாடகை உயரவில்லை, ஆதலின் ஏழை பிழைத்தான். வாடகை உயரவில்லை, ஆதலின் வீட்டுக்காரர் கூரை ஓட்டை மாற்ற மனங்கொள்ளவில்லை. சுவர் பிளந்தது, உத்தரம் உளுத்தது, சில வீடுகள் தாமே சரிந்து வெற்றுமனைகளாயின. ஏழைக்கு நிழல் தந்த அச்சட்டமே வீட்டுக்குக் கறையானாகவும் இருந்தது.

1997 இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1999 டிசம்பர் முடியும்வரை தவணை தரப்பட்டு, 2000 ஜனவரி முதல் வாடகை கட்டவிழ்ந்தது. மூன்று தலைமுறையாய் ஒரே அறையில் இருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் வெளியேறினர். அவர் நீங்கிய வீடுகளுட் சில பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் மனிதருக்குப் பதிலாக, கூட்டுக்கு விலையுள்ள உழவாரக் குருவிகள் குடிவைக்கப்பட்டன! பின்னர், 2008 ஜூலை 7 ஆம் நாள், மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் உலக மரபுடைமையாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது. அன்றுமுதல் அத்தெருக்களின் மேல் பணமுடையோர் பார்வை விழுந்தது. உளுத்த வீடுகள் தங்கும் விடுதிகளாயின. மளிகைக்கடை இருந்த இடத்திற் காப்பிக்கடை அலங்காரமாய் அமர்ந்தது. வெற்றுமனைகளுக்கு விலை ஏறியது.

அவ்வெற்றுமனைகளிற் கட்டுவோருக்கு இலக்கணம் வகுக்கப்பட்டுள்ளது. மரபுடைமை எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு மனையும் வகைப்படுத்தப்பட்டு, வெறுமையாய்க் கிடப்பவை இட்டு நிரப்பத்தக்கன எனத் தனியே குறிக்கப்பட்டன. அங்கெழும் கட்டடம் பொதுவாக 18 மீட்டருக்கு மேல் உயரலாகாது, அண்டை வீடுகளின் வரிசை கெடலாகாது, அஞ்சடி அறுபடலாகாது. இவையெல்லாம் நல்ல விதிகளே. ஆனால், கட்டடத்தின் உயரத்தை அளக்க அளவுகோல் உண்டு. அதனுட் புகுவோர் யார், அதனால் நீங்குவோர் யார் என்பதை அளக்கக் கோல் இல்லை. அண்டை வீட்டின் சுவருக்குப் பொருந்தக் கட்டு என்று விதி சொல்கின்றது. அண்டை வீட்டின் மனிதருக்குப் பொருந்தக் கட்டு என்று அது சொல்லவில்லை.

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பு. “மனை ஒருவனுடைய உடைமை. அவன் பணம், அவன் கட்டுகின்றான். ஐம்பது ஆண்டு அற்ப வாடகை வாங்கி நொந்தவனும் அவனே. இனியும் அவன் தலையில் ஏழையின் பாரத்தை ஏற்றுவது நியாயமா?” என்று சிலர் வினவக்கூடும். இது தள்ளிவிடத்தக்க வாதமன்று. ஏழைக்கு இரங்குவது சமூகத்தின் கடமையாயிருக்க, அதன் செலவைச் சமூகம் தான் ஏற்காது வீட்டுக்காரர் சிலர்மேல் மாத்திரம் சுமத்தியது முறையன்று என்பதை நாமும் ஒப்புகின்றோம். அக்கட்டுப்பாடு அப்படியே திரும்பவேண்டும் என்பது நமது அபிப்பிராயமன்று.

ஆனால், அம்மனைக்கு இன்று இவ்வளவு விலை எங்ஙனம் வந்தது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். மனைக்காரர் அதில் ஒரு செங்கல்லும் வைத்தாரில்லை. கூரை ஒழுகிய நாளிலும் கடையைத் திறந்து வைத்த மளிகைக்காரர், அதிகாலையில் அஞ்சடியைக் கூட்டிய கிழவி, ஆலயத்து மணியையும் பள்ளிவாசல் பாங்கையும் ஓயவிடாது காத்தவர்கள், திருவிழாவுக்குக் காசு சேர்த்தவர்கள், இவர்களெல்லாம் சேர்ந்தல்லவா அதனைத் தெருவாக வைத்திருந்தனர்? அவர்கள் எல்லாரும் முன்னமே நீங்கியிருப்பின், அங்கு மண் இருந்திருக்கும், தெரு இருந்திராது. யுனெஸ்கோவினர் போற்றியதும் சுவரை மாத்திரமன்று. பல இனத்தாரும் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்த அவ்வாழ்க்கையையுமே அவர்கள் போற்றினர். அவ்வாழ்க்கையை ஆக்கியவர் ஒருவர், அதன் விலையைப் பெறுபவர் மற்றொருவர் என்றால், இடையில் ஒரு கடன் நிற்கின்றது. அக்கடன் எந்தப் பத்திரத்திலும் பதிவாகவில்லை என்பதனால் அது கடனன்று ஆகிவிடுமா? வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை ஈகையினின்றும் வேறாக வைத்தார். ஈகை இரந்தவனுக்குத் தருவது. ஒப்புரவு உடன்வாழ்பவனுக்குச் செய்வது. இங்கு நாம் கேட்பது பின்னதையே.

“அங்ஙனமாயின் சேரிகளைச் சேரிகளாகவே வைத்திருக்கச் சொல்கின்றீரோ?” என்பது மற்றொரு தடை. இல்லவே இல்லை. காற்றில்லாத அறையில் எட்டுப்பேர் படுத்ததும், பத்துக் குடும்பத்துக்கு ஒரு கக்கூசு இருந்ததும், பழமை என்னும் பெயரால் பாதுகாக்கத்தக்கவையல்ல. ஏழையின் அழுக்கைப் பயணிகள் பார்த்து வியக்கும் காட்சியாக்குவது கொடுமை. நமது வழக்கு புதுவீடு வேண்டாம் என்பதன்று. அப்புதுவீட்டில் ஓர் அறையாவது பழைய குடிக்கு எட்டும் வாடகையில் அமையவேண்டும் என்பதே.

இது நடவாத காரியமா? சிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 இல் ஏற்பட்டது. நகர் நடுவே நெருங்கி வாழ்ந்தோர் பலர் புறநகர் அடுக்குமாடிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தண்ணீரும் வெளிச்சமும் கிடைத்தன. ஆனால் அண்டை அயல் சிதறியது. பிற்காலத்தில் அக்கழகமே வேறு முறையொன்றைக் கைக்கொண்டது. 1995 இல் தியோங் பாரு வட்டாரத்தில் தொடங்கிய திட்டத்தின்படி, பழைய மாடிகளை இடிக்குமுன் அருகிலேயே புதிய மாடிகளை எழுப்பி, பழைய வீட்டுக்காரர்களை அண்டையரோடு சேர்த்தே குடிபெயரச் செய்தனர். முதலிற் கட்டு, பின்னர்ப் பெயர்த்து வை, அதன்பின் இடி என்பதே அதன் வரிசை. வாடகைக் குடிக்கும் அதே வரிசையைக் கைக்கொள்ள இயலாதா? பழைய வீட்டைச் செப்பனிடப் பொதுப்பணத்தினின்று மானியம் தரப்படுமிடத்து, இத்தனை ஆண்டு இன்ன வாடகைக்குப் பழைய குடியை வைத்திருத்தல் வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதில் அநியாயம் யாதுளது?

தோட்டத்தில் வாழும் நம்மவர் இதனைப் பட்டணத்தார் விவகாரம் என்று தள்ளிவிடலாகாது. லயத்து வீட்டின் இலக்கணம் யாது? வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. மண்ணைத் திருத்தியவன் நம்மவனாயினும், அதன்மேல் அவன் பெயர் எழுதப்படவில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், ரப்பர்க் காடுகள் புதுநகர்களானபோதும், அந்நகர்களின் வீட்டுவிலை அங்குப் பால் வெட்டியவனுக்கு எட்டாமற் போயிற்று. உழைப்பால் ஓர் இடத்துக்கு மதிப்பை உண்டாக்கி, அம்மதிப்பினாலேயே அவ்விடத்தினின்று தள்ளப்படுதல்! பட்டணத்து அஞ்சடியிலும் தோட்டத்து லயத்திலும் நேர்வது இவ்வொரே அநீதிதான்.

பிறரைக் குறை கூறுமுன் நம்மையும் நோக்குவோமாக. பட்டணத்து வீடுகளெல்லாம் தனவந்தர் கையில் இல்லை. ஆலயங்களுக்கும், பள்ளிவாசல் வக்புகளுக்கும், சங்கங்களுக்கும் உரியவையாகவும் பல வீடுகளும் மனைகளும் உள்ளன. முன்னோர் அவற்றை எழுதிவைத்தது தர்மத்தின்பொருட்டு. தர்மத்தின் சொத்தை அதிக வாடகை தருவோனுக்கே விடுவோமாயின், வியாபாரியை நாம் எவ்வாய் கொண்டு கண்டிப்பது? சாமிக்குத் தங்கக் கவசம் சாத்துவதற்குமுன், சாமியின் மனையில் ஏழைக்கு நான்கு அறை கட்டுவது எக்குற்றம்? பாழ்மனையை நிரப்பும் முதற் கடமை இத்தர்ம ஸ்தாபனங்களுடையது என்பது நமது துணிபு. அவை வழிகாட்டினால் தனிப்பட்ட வீட்டுக்காரரையும் கேட்கும் யோக்கியதை நமக்கு உண்டாகும்.

இன்னொன்றும் சொல்லுதல் வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாடகை வீட்டு விளம்பரங்களில் இன்ன இனத்தாருக்கு வீடில்லை என்று கூசாது எழுதிய காலத்தைக் கண்டோம். அதனைப் படித்துக் கொதித்தோம். கொதித்தது சரியே. ஆனால் குடிவருவோனிடம் ஜாதியைச் சுற்றிவளைத்துக் கேட்கும் தமிழ் வீட்டுக்காரர் நம்முள் இல்லையா? இனத்தைக் கேட்பவன் நமக்குச் செய்யும் அவமானத்தை, ஜாதியைக் கேட்பவன் தன் சகோதரனுக்கே செய்கின்றான். சுவர் புதிதாகி மனம் பழையதாயிருப்பின், பாழ்மனை பாழ்மனையாகவே இருந்திருக்கலாம்.

ஆதலின், தமிழ் மக்களே, உங்கள் தெருவில் வெற்றுமனையொன்றில் வேலை தொடங்குவதைக் காணும்போது வாளாவிருத்தல் வேண்டா. கட்டுவோர் யார், எத்தனை குடிக்கு இடம், வாடகை யாது, இப்பக்கத்தில் இருப்போருக்கு அதில் இடம் உண்டா என்று நகரசபையைக் கேளுங்கள். ஆலய நிர்வாகத்தாரைக் கேளுங்கள். தேர்தற்காலத்தில் வீடுதேடி வருவோரைக் கேளுங்கள். தனித்துக் கேட்டால் முறையீடாகும். தெருவே கூடிக் கேட்டால் உரிமையாகும். புதிதாக வருவோரைப் பகைக்கவும் வேண்டா. அவருக்கும் வீடு வேண்டும். அவர் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு அத்தெருவிலேயே விளையாடும். அவர் வருமிடத்து நாம் நீங்கவேண்டும் என்னும் நியதி மாத்திரம் ஒழியவேண்டும்.